ஜெரோம் டிசூசா அடிகளார் வரலாறு

ஒரு குலத்தாரின் சங்கம் நடத்தும் திங்களிதழில் அக்குலத்துப் பெரியோர்களின் வரலாறுகளே பெரும்பாலும் இடம்பெறுதல் இயல்பு. ஆயினும், பிற நாட்டிலும் பிற சமயத்திலும் தோன்றிய சான்றோர் சிலருடைய வாழ்க்கை நம் நிலைமையை நமக்கே காட்டும் கண்ணாடியாய் அமைதலும் உண்டு. கலங்கரை விளக்கம் எவர் கட்டியதாயினும், அதன் ஒளியை நோக்கியன்றோ நம் தோணிகள் கரை சேர்கின்றன? இக்கருத்துப் பற்றியே, சேசு சபைத் துறவியும், திருச்சிராப்பள்ளியிலும் சென்னையிலும் பெருங்கல்லூரிகளை நடத்திய தலைவரும், பாரத அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினருமாய் விளங்கிய ஜெரோம் டிசூசா அடிகளாரின் வரலாற்றை இத்திங்கள் எழுதப் புகுந்தோம்.

பலர் நடுவே சிலராய் வாழும் ஒரு கூட்டத்தார் தம் நலத்தைக் காத்துக்கொள்ளும் வழி யாது? தமக்கெனத் தனிப் பங்கு வகுத்துத் தருமாறு அரசினரைக் கேட்பதா? அன்றி, எல்லார்க்கும் பொதுவான உரிமையை உறுதிப்படுத்திக்கொண்டு, கல்வியாலும் ஒழுக்கத்தாலும் தாமே உயர முயல்வதா? இவ்வினா தோணிரேவிலும் அதனைச் சூழ்ந்த ஏரிக்கரைக் குப்பங்களிலும் வாழும் நமக்குப் புதியதன்று. சங்கத்தார் கூடும் இடமெல்லாம் எழுவது இதுவே. அடிகளார்க்கோ இவ்வினாவுக்கு நாடறிய விடை கூறவேண்டிய பொறுப்பு வந்து வாய்த்தது. அவர் உடன்பட்ட விடை யாது, அதனைக் கூறும் தகுதி அவர்க்கு எங்ஙனம் உண்டாயிற்று, அவ்விடை நமக்கு எவ்வளவிற் பொருந்தும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடிகளார் 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 6-ஆம் நாள் மங்களூர்ப் பகுதியில் ஒரு கத்தோலிக்கக் குடியிற் பிறந்தார். மங்களூரைத் தலைநகராகக் கொண்ட தென்கன்னட மாவட்டம் அந்நாளிற் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. மேல்கடற்கரையிலுள்ள அப்பகுதிக் கத்தோலிக்கர், கோவா நாட்டினின்று தெற்கே வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்கள். கொங்கணியைத் தாய்மொழியாகக் கொண்டவர். எண்ணிக்கையிற் சிறியராயினும் கல்வியிற் பேரூக்கமுடையவர். வீட்டிற் கொங்கணியும், தெருவிலே துளுவும் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும், கோயிலில் இலத்தீனும் ஒலிக்கக் கேட்டு அவ்வூர்ப் பிள்ளைகள் வளர்ந்தனர். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் இவ்வேரிக்கரையிலுள்ள நமக்கு இது வியப்பன்று. நம் ஊர்ப்பெயரிலேயே தோணி என்னும் தமிழ்ச்சொல்லும், துறை எனப் பொருள்படும் ரேவு என்னும் தெலுங்குச்சொல்லும் கைகோத்து நிற்கின்றன அல்லவா? பல மொழி வழங்கும் எல்லையிற் பிறந்தோர் பலரோடும் அளவளாவும் ஆற்றலை எளிதிற் பெறுவர். அடிகளார்பால் அவ்வாற்றல் பிற்காலத்தே பெரும்பயன் விளைத்தது.

மங்களூரிலே பள்ளிக்கல்வி முடித்தபின் அவர் திருச்சிராப்பள்ளி அர்ச். சூசையப்பர் கல்லூரியிற் பயின்றார். இந்நாளில் தூய வளனார் கல்லூரி என வழங்குவது அதுவே. பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிற் கற்று எம். ஏ. பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற கையோடு அரசாங்க உத்தியோகம் தேடுவதே அக்காலத்து இளைஞரின் வழக்கம். எம். ஏ. படித்தவர் அந்நாளில் மிகச் சிலரே ஆதலின், உயர்ந்த பதவியும் ஊதியமும் அவர்கட்கு அரியன அல்ல. அடிகளாரோ தாம் பயின்ற திருச்சிக் கல்லூரிக்கே மீண்டு, சில காலம் ஆங்கில ஆசிரியராய்ப் பணியாற்றினார். அதன்பின் 1921-ஆம் ஆண்டிற் சேசு சபையிற் சேர்ந்தார். சம்பளமும் சொத்தும் இல்லறமும் அன்றோடு அவரை விட்டு நீங்கின. அப்பொழுது அவர்க்கு வயது 24-ஐ ஒட்டியது.

சேசு சபையைப் பற்றிச் சில சொற்கள் ஈண்டுக் கூறுதல் வேண்டும். ஸ்பெயின் நாட்டு இஞ்ஞாசியார் என்பவரால் ஏற்படுத்தப்பெற்று 1540-இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற துறவியர் கூட்டம் அது. வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்னும் மூன்று விரதங்களையும் பூண்டு, எவ்விடத்திற்கு ஏவினும் செல்லுதல் அவர் கடன். அச்சபையினரான சவேரியார் 1542-இல் இந்தியா அடைந்து, தென்கடற்கரையில் முத்துக்குளிப்போரிடையேயும் மீன்பிடிப்போரிடையேயும் உலாவினார். அவர்க்குப் பின்வந்த அண்டிரிக் அடிகளார் 1578-இற் கொல்லத்தில் அச்சிட்ட தம்பிரான் வணக்கமே இந்திய மண்ணிற் தமிழெழுத்தில் அச்சேறி இன்று கிடைக்கும் நூல்களுட் பழமையானது. சதுரகராதி இயற்றித் தமிழகராதி வரிசைக்கு வழிகாட்டிய வீரமாமுனிவரும் அச்சபையினரே. ஆகவே தமிழ்க் கல்வியோடும் கடற்கரையாரோடும் அச்சபைக்கு உள்ள தொடர்பு நேற்றுத் தோன்றியதன்று.

ஐரோப்பிய அரசர்களின் பகையால் 1773-இற் கலைக்கப்பட்ட அச்சபை 1814-இல் மீண்டும் உயிர்பெற்றது. பிரஞ்சு நாட்டுத் துறவியர் 1838 முதலாகத் தமிழகத்தில் மறுபடியும் பணிசெய்யப் புகுந்தனர். அவர்கள் 1844-இல் நாகப்பட்டினத்துக் கடற்கரையிலே தொடங்கிய கல்லூரிதான் 1883-இல் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றப்பட்டு அர்ச். சூசையப்பர் கல்லூரியாய் ஓங்கிற்று. அடிகளார் மாணவராய் நுழைந்ததும், ஆசிரியராய் நின்றதும், பின்னர்த் தலைமை தாங்கியதும் அக்கல்லூரியிலேயே என்பது கருதத்தக்கது.

சபையிற் சேர்ந்தவுடனே ஒருவர் குருப்பட்டம் பெறுதல் இயலாது. நவசந்நியாச காலம், தத்துவப் பயிற்சி, வேதசாத்திரப் பயிற்சி எனப் பல படிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடத்தல் வேண்டும். எம். ஏ. பட்டம் பெற்ற ஒருவர், மாணாக்கர்க்குப் பாடஞ்சொன்ன ஒருவர், மீண்டும் மாணாக்கராய் மணைமீதமர்ந்து பத்தாண்டு கற்றார். வேதசாத்திரம் பயிலுதற்குப் பெல்ஜியம் நாட்டு ஆங்கியன் நகர்க்கு அனுப்பப்பட்டு, 1931-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 30-ஆம் நாள் ஆங்கே குருப்பட்டம் பெற்றார். பிரஞ்சு மொழியும் ஐரோப்பியர் வாழ்வும் அவர்க்குப் பழகின இடம் அதுவே. நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்தவுடன் படிப்பு முடிந்ததென எண்ணுகின்றனர். பெற்றோரும் அங்ஙனமே கருதிப் பெருமூச்சு விடுகின்றனர். பட்டம் பெற்றபின்னும் பத்தாண்டு கற்றவரே பின்னாளில் நாட்டுக்குச் சட்டம் வகுக்கும் அவையில் அஞ்சாது நின்றார் என்பதை நாம் மறத்தலாகாது.

தாய்நாடு மீண்ட அடிகளார் திருச்சிக் கல்லூரியிற் பேராசிரியராய் அமர்ந்தார். சின்னாளில் அக்கல்லூரியின் தலைமைப் பொறுப்பும் அவரை வந்தடைந்தது. பின்னர், 1942-ஆம் ஆண்டிற் சென்னை இலயோலாக் கல்லூரியின் தலைவராய் நியமிக்கப்பெற்று, 1950 வரையில் அப்பதவியில் இருந்தார். இலயோலாக் கல்லூரி 1925-இல் நுங்கம்பாக்கத்தில் பெர்த்திராம் அடிகளாரால் நிறுவப்பெற்றது. பிரஞ்சு நாட்டவர் விதைத்து நீரூற்றிய ஒரு மரத்தின் காவல் இந்தியர் ஒருவர் கைக்கு வந்த காலம், நாட்டின் காவலும் இந்தியர் கைக்கு வரும் காலத்தோடு ஒத்து நின்றது.

அவர் பொறுப்பேற்ற 1942-ஆம் ஆண்டு எளிய ஆண்டன்று. ஏப்ரல் மாதத்தில் ஜப்பானியர் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசினர். சென்னை நகரத்தார் வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்நாடு நோக்கி ஓடினர். ஆகஸ்டு மாதத்தில் வெள்ளையனே வெளியேறு என்னும் கிளர்ச்சி எழுந்தது; நாடெங்கும் மாணவர் பாடசாலைகளை விட்டு வெளியேறினர். ஒருபுறம் அரசாங்கத்தின் கெடுபிடி, மற்றொருபுறம் இளைஞரின் விடுதலை வேட்கை. அத்தகைய காலத்திற் கல்லூரித் தலைவர் என்பவர் பருவக்காற்றிலே தோணியின் சுக்கான் பிடிப்பவரை ஒப்பார். அக்கல்லூரிகளிற் கத்தோலிக்கர் மட்டுமேயல்லர், பிற சமயத்தினரும் பெருந்தொகையினராய்ப் பயின்றனர். அவர்களுட் பலர் பின்னாளில் நாட்டின் உயர்பதவிகளில் அமர்ந்தனர். குடியரசுத் தலைவராய் விளங்கிய இரா. வெங்கட்டராமனும் இலயோலாக் கல்லூரியிற் பயின்றவரே. பல சமயத்தாரும் ஒரு கூரையின்கீழ்க் கற்கும் இடத்தை ஆண்டாண்டாக நடத்தியவர், பல சமயத்தாரும் ஒரு நாட்டின்கீழ் வாழும் முறையைப் பற்றிப் பேசத் தகுதியுடையராதல் இயல்பேயன்றோ?

1946-ஆம் ஆண்டில் அரசியல் நிர்ணய சபைக்கு உறுப்பினர் தெரிவு நடந்தது. மாகாணச் சட்டசபையினர் கூடித் தெரிந்தெடுத்த உறுப்பினருள், காங்கிரசின் ஆதரவோடு சென்னை மாகாணத்தினின்று சென்றவருள் அடிகளாரும் ஒருவர். அக்கட்சிக்கு அவர் புறத்தார், துறவி, சிறுபான்மைச் சமயத்தவர். அங்ஙனமிருந்தும் அவரை அனுப்பியமை, அந்நாளைத் தலைவர்கள் கல்வியறிவுக்குத் தந்த மதிப்பைக் காட்டும். தூத்துக்குடிக் கடற்கரைச் சமுதாயத்தினின்று சென்ற ரோச் விக்டோரியா என்பவரும் அவ்வவையில் உறுப்பினராய் அமர்ந்திருந்தார் என்பது கடல் தொழிலார்க்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். 1946-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் முதன்முதலாகக் கூடிய அவ்வவை, ஏறக்குறைய மூன்றாண்டு ஆராய்ந்து, 1949-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் அரசியற் சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

அவ்வவையிற் சமயச் சிறுபான்மையோரைப் பற்றி எழுந்த வினாக்கள் இரண்டு. ஒன்று சமய உரிமை. மற்றொன்று சட்டசபையில் இடம். முதலாவதன்கண் பெருவிவாதம் நிகழ்ந்தது. தன் சமயத்தைக் கைக்கொள்ளவும் ஒழுகவும் உரிமை தருதல் போதும், பரப்பும் உரிமை வேண்டுவதில்லை என வாதித்தோர் பலர். கிறிஸ்தவ உறுப்பினரோ, மனம் விரும்பியதை வாயாற் சொல்லும் உரிமை இல்லையாயின் நம்பும் உரிமை குறைபட்டதேயாம் என்னும் கருத்தினர். 1948-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அவை பரப்பும் உரிமையையும் சேர்த்தே ஏற்றது. அதுவே இன்று 25-ஆம் பிரிவாய் நிற்கின்றது. சிறுபான்மையோர் தம் கல்விக்கூடங்களைத் தாமே நிறுவி நடத்தும் உரிமை 30-ஆம் பிரிவாய் அமைந்தது.

இரண்டாவது வினாவே நம்மை நேராகத் தொடுவது. ஆங்கிலேயர் இயற்றிய 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியக் கிறிஸ்தவர்க்குத் தனி வாக்காளர் தொகுதி இருந்தது. அஃதாவது, கிறிஸ்தவ உறுப்பினரைக் கிறிஸ்தவரே தெரிந்தெடுப்பர். 1947-இல் நிர்ணய சபை அத்தனித் தொகுதியை நீக்கிப் பொதுத் தொகுதியிலேயே சில இடங்களைச் சிறுபான்மைச் சமயத்தார்க்கு ஒதுக்கத் துணிந்தது. 1949-ஆம் ஆண்டு மே மாதத்தில் வல்லபாய் பட்டேல் அவ்வொதுக்கீட்டையும் சமயச் சிறுபான்மையோர் அளவில் நீக்குதற்குரிய தீர்மானத்தைக் கொண்டுவந்தார். அவையின் துணைத்தலைவராயிருந்த வங்காளத்துக் கிறிஸ்தவர் முகர்ஜி அதனை ஆதரித்தார், அடிகளாரும் ஆதரித்தார். தனி மனிதன் ஒவ்வொருவனுக்கும் உரிய அடிப்படை உரிமைகள் சட்டத்தால் உறுதிப்பட்டபின், சமயத்தின் பெயராற் சட்டசபையிற் தனியிடம் வேண்டுவதில்லை என்பதே அவர் கொள்கையின் சாரம்.

இதன் அருமையை ஏரித்தொழில் அறிந்தோர் நன்குணர்வர். பழவேற்காட்டு ஏரியிற் குப்பங்கள் சிலவற்றுக்குப் பாடு என்னும் முறை உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலையிடலாம் என்று சீட்டுப்போட்டு முறைவைத்து வகுத்துக்கொள்வது அது. பாடு உடையவன் தன் முறை வருங்காறும் கவலையின்றி இருப்பான். அவன் இடத்தை மற்றவன் கவரான். பாடு இல்லாதவனோ அகன்ற நீரில் தன் திறமையையும் பிறர் நல்லெண்ணத்தையும் நம்பியே வலை வீசவேண்டும். கையிலிருக்கும் பாட்டைத் தானே விட்டுவிடுமாறு ஒருவனிடம் சொல்லிப் பாருங்கள், அவன் உடன்படுவானா? நாட்டுப் பிரிவினையால் இரத்தம் பெருகி ஈராண்டும் கழியாத காலத்தில், ஒருவரையொருவர் ஐயுற்று நோக்கிய காலத்தில், தம் சமயத்தார்க்கு உறுதிப்பட்டிருந்த பாட்டை வேண்டாவென விடுதற்கு உடன்பட்டார் அடிகளார். அஃது அச்சத்தால் விட்டதன்று. அடிப்படை உரிமை என்னும் பெருநீர்ப்பரப்பு எல்லார்க்கும் திறந்திருக்குமாறு சட்டத்தில் எழுதுவித்துக்கொண்டபின் விட்டது. இவ்வேறுபாட்டை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும்.

இனி, இவ்விடை நமக்கு எவ்வளவிற் பொருந்தும்? ஈண்டு நாம் நடுநிலை பிறழாது பேசக் கடமைப்பட்டுள்ளோம். அடிகளார் விடுத்தது சமயத்தின் பெயரால் வந்த இடம். அவர் பிறந்த கூட்டத்தார்க்குக் கல்லூரியும் மருத்துவமனையும் நிலமும் உத்தியோகமும் முன்னரே இருந்தன. ஏணி உடையவன் படிக்கட்டை விட்டுக்கொடுத்தல் எளிது. குழியில் நிற்பவன் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. சமய ஒதுக்கீட்டை நீக்கிய அதே நிர்ணய சபை, தீண்டாமையால் துன்புற்றோர்க்கும் மலைவாழ்நர்க்கும் இடம் ஒதுக்கியதை நீக்கவில்லை; அதுவே நேர்மையும் ஆகும். ஆயின் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையாற், பட்டியற் சாதியாருட் கிறிஸ்தவரானோர் அவ்வுரிமையை இழந்தனர். அவ்விழப்பு இன்றும் தீர்ந்திலது. மேலோர் துறந்த பாட்டினால் வந்த பெருமை ஒருபுறமிருக்க, கீழ்நிலையிலிருந்த கிறிஸ்தவ ஏழை மற்றொருபுறம் வெறுங்கையோடு நின்றான் என்பதையும் வரலாறு எழுதுவோன் மறைத்தலாகாது.

நம்மவர் நிலை வேறு. மீனவர், பருவதராசகுலத்தார், பட்டணவர், செம்படவர் ஆகியோரைத் தமிழக அரசு மிகவும் பிற்படுத்தப்பட்டோர் வரிசையிற் சேர்த்து, கிறிஸ்தவராயினோரையும் விலக்காது அவ்வரிசையிலேயே வைத்துள்ளது. அவ்வரிசையினர்க்குச் சீர்மரபினரோடு கூட்டி 20 விழுக்காடு இடம் 1989-இல் ஒதுக்கப்பட்டது. ஈண்டுச் சமயம் அளவுகோலன்று. கல்வியிலும் வாழ்விலும் உள்ள பின்னடைவே அளவுகோல். ஆதலின் அடிகளார் வரலாற்றைக் காட்டி, நீங்களும் உங்கள் பங்கை விடுங்கள் என்று எவரேனும் நம்மிடம் உரைப்பாராயின், அது பொருந்தாது என்போம். ஆனால் அவர் வரலாறு மற்றொன்றைக் கற்பிக்கின்றது. பங்கு என்பது கரையில் நாட்டிய முளை. தோணியை அதிற் கட்டியே வைத்திருத்தற்கன்று. ஒதுக்கப்பட்ட இடத்திற் சென்று அமரவும், அமர்ந்தபின் பேசவும், கற்றவர் இல்லையாயின் அவ்விடத்தாற் பயன் யாது?

கல்லூரித் தலைமையிலிருந்தபோதே அடிகளார்க்கு உலக அரங்கும் திறந்தது. 1949 முதல் 1957 வரையில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபைக்குச் சென்ற இந்தியத் தூதுக்குழுவில் நான்கு முறை அவர் உறுப்பினராய் இருந்தார். தென்னாப்பிரிக்காவில் இந்தியர் இழிவுபடுத்தப்படுவதை 1946 முதலே அச்சபையில் இந்தியா எடுத்துரைத்து வந்தது. அடிமை நாடுகளின் விடுதலையும் அக்காலத்தே அங்குப் பெரிதும் பேசப்பட்டது. இத்தகைய அவையிற் புதிய குடியரசின் சார்பில் ஒரு கத்தோலிக்கத் துறவி அமர்ந்தமை, இந்நாடு ஒரு சமயத்தார்க்கு மட்டுமே உரியதன்று என்பதை எவரும் சொல்லாமலே உலகினர்க்கு உணர்த்திற்று.

மற்றொரு பணி நம் பழவேற்காட்டாருக்கு எளிதில் விளங்கும். போர்த்துக்கேயர் 1515-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் மகிமை மாதா கோயில் பழவேற்காட்டில் இன்றும் இருக்கின்றது. அவர்கள் கப்பலும் வாணிகமும் மறைந்து நூற்றாண்டுகள் சென்றபின்னும், அவர்கள் பெற்றிருந்த ஓர் உரிமை மறையாமல் நின்றது. அதற்குப் பதுரவாதோ என்பது பெயர். இந்தியாவிலுள்ள சில மறைமாவட்டங்களுக்கு ஆயரை நியமிக்கும்போது போர்த்துக்கல் அரசினரின் தொடர்பும் இசைவும் வேண்டும் என்பதே அவ்வுரிமை. பம்பாய், மங்களூர், திருச்சிராப்பள்ளி, கொல்லம், கொச்சி, மயிலாப்பூர் ஆகியவை அதற்கு உட்பட்டிருந்தன. அடிகளார் பிறந்த நாடும், கற்பித்த நகரும் அவ்வரிசையிலே இருத்தலைக் காண்க. நாடு விடுதலை பெற்றபின்னும், நம் மண்ணிலுள்ள கோயிற்றலைவரைத் தெரிவதில் அயல்நாட்டு அரசு கைவைத்தல் தகுமா? நேருவின் விருப்பப்படி இவ்விஷயத்தை உரோமாபுரியில் எடுத்துப் பேசியவருள் அடிகளாரும் ஒருவர். 1950-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 18-ஆம் நாள் திருச்சபைக்கும் போர்த்துக்கலுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையால் அவ்வுரிமை நீங்கிற்று. அதன் பயனாக 1952-இல் மயிலாப்பூரும் சென்னையும் இணைந்து ஒரே மறைமாவட்டமாயின. தம் சபைக்குக் கீழ்ப்படியும் விரதம் பூண்ட துறவி, தம் நாட்டின் மானத்தையும் கைவிடவில்லை என்பதற்கு இது சான்று.

இலயோலாக் கல்லூரிப் பதவியினின்று விலகியபின் 1951-ஆம் ஆண்டிற் பூனா நகரில் இந்தியச் சமூக நிறுவனத்தைத் தொடங்கி, அதன் முதல் இயக்குநராய்ச் சில ஆண்டுகள் நடத்தினார். தொழிலாளர், உழவர், வறியோர் ஆகியோரின் நிலையை அறிவு முறையால் ஆராய்ந்து, தொண்டு செய்வோரைப் பயிற்றுவித்தல் அதன் நோக்கம். அந்நிறுவனம் பின்னர் 1963-இல் தில்லிக்கு மாற்றப்பட்டு இன்றும் நடைபெறுகின்றது. கல்லூரியில் வகுப்பறைக்கு வரக் கூடியவர்க்கே கல்வி கிட்டுகிறது. வரவியலாதார் குறையை யார் ஆராய்வது என்னும் வினாவிற்கு விடையாகவே அந்நிறுவனம் எழுந்தது எனலாம். சட்டத்தில் எழுதிய உரிமை ஏழையின் குடிசைக்குத் தானே நடந்து வராது. அதனைக் கொண்டு சேர்ப்பார் வேண்டும். பாட்டைத் துறந்ததோடு நில்லாது, பாடே அறியாத வறியோர் பக்கம் அடிகளாரின் உழைப்புத் திரும்பியமை அவர் வாழ்வின் தலைசிறந்த பகுதி என்பது நம் கருத்து.

1957-இற் சேசு சபையின் பெருந்தலைவர் அவரை உரோமாபுரிக்கு அழைத்து, இந்தியாவைப் பற்றிய காரியங்களில் தமக்குத் துணைவராய் அமர்த்திக்கொண்டார். 1968 வரையில் அப்பொறுப்பில் இருந்தார். இடைப்பட்ட 1962 முதல் 1965 வரையில் அந்நகரில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கூடியது. கோயில் வழிபாட்டை அவரவர் தாய்மொழியில் நடத்த வழிதிறந்ததும், பிற சமயங்களிலுள்ள நன்மையை மதித்து ஏற்குமாறு கத்தோலிக்கரைப் பணித்ததும் அச்சங்கமே. 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆறாம் பவுல் திருத்தந்தை பம்பாய்க்கு வந்தார். இந்திய மண்ணில் முதன்முதல் அடிவைத்த திருத்தந்தை அவரே. இம்மாற்றங்கள் நிகழ்ந்த காலம் முழுவதும், இந்தியச் சேசு சபையாரின் காரியங்களை நடுவிடத்திலிருந்து கவனித்தவர் கொங்கணி பேசும் சிறு கூட்டத்திற் பிறந்த இவ்வாசிரியர் என்பது நினைக்குந்தோறும் வியப்பளிப்பது.

பின்னர் இந்தியா மீண்டு, முதுமைக் காலத்தைத் தாய்நாட்டிலே கழித்து, 1977-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 12-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். எண்பது ஆண்டு நிறைந்து ஆறு நாளே சென்றிருந்தன. அவர் சேர்த்து வைத்த செல்வம் என ஒன்றும் இல்லை. வறுமை விரதம் பூண்டார்க்கு அஃது இயல்பு. அவர் நடத்திய கல்லூரிகளும், அவர் கையொப்பமிட்ட அரசியற் சட்டமும், அவர் தொடங்கிய நிறுவனமுமே அவர் விட்டுச்சென்றவை.

அவர் மாணாக்கர்க்குப் பாடஞ்சொன்ன திருச்சிக் கல்லூரிக்கு, 1950-ஆம் ஆண்டில் இராமேசுவரத்துத் தோணியுடையார் ஒருவரின் மைந்தர் வந்து சேர்ந்தார். அவர் இசுலாமியர்; வறிய குடியினர். நான்காண்டு அங்குப் பயின்று பௌதிக சாத்திரத்திற் பட்டம் பெற்று, பின்னாளில் விண்கல நூலில் வல்லுநராகி, 2002-இற் குடியரசுத் தலைவரானார். அப்துல் கலாம் என்னும் அப்பெயரை அறியாத குழந்தை இவ்வேரிக்கரையில் இல்லை. தோணியுடையார் மைந்தர் ஒருவர் அவ்வுயரம் ஏறுதற்கு வேண்டிய முதற்படி, துறவிகள் கட்டிக்காத்த ஒரு வகுப்பறையாய் இருந்தது. கல்விக்கூடம் ஒன்றை ஒழுங்காக நடத்துதல் எத்துணைப் பெரிய அரசியற்றொண்டு என்பதை இதனால் அறியலாம்.

நம் குலத்தாரே! ஏரி ஆழம் குறைகின்றது. முகத்துவாரம் மணலால் தூர்கின்றது. கையால் தடவி இறால் பிடிக்கும் நம் பெண்டிர் நாளெல்லாம் சேற்றில் நின்றும் கூலி காணாது திரும்புகின்றனர். இக்குறைகளை எழுதி நாம் விண்ணப்பம் விடுக்கிறோம். விண்ணப்பத்தை எழுதுவதற்கே பிறர் கையை நாடுகிறோம். நமக்குரிய பங்கைக் கேட்பதில் நாம் கூசவேண்டுவதில்லை. ஆனால் அதனை நாமே எழுதவும், அதிகாரிகள் முன் நாமே நின்று காரணகாரியத்தோடு விளக்கவும், கேட்ட கேள்விக்குச் சட்டம் காட்டி விடையிறுக்கவும் வல்லவர் நம்முள் எழவேண்டும். இறால் மிகுந்த காலத்திற் பிள்ளையைப் பள்ளியினின்று நிறுத்தாத தந்தையும், மகளைப் பத்தாம் வகுப்போடு வீட்டில் அடைக்காத தாயும் அத்தகையோரை நமக்கு ஆக்கித் தருவர்.

பட்டம் பெற்றபின்னும் பத்தாண்டு கற்ற ஒருவரின் வரலாற்றைப் படித்தோம். நம் பிள்ளைகள் பத்தாம் வகுப்பின் பின்னர் இன்னும் ஐந்தாண்டு கற்பார்களாயின், அடுத்த தலைமுறையில் நம் சங்கத்தின் விண்ணப்பத்திற்குப் பிறர் கை வேண்டியிராது. அந்நாளிற் பங்கைக் கேட்பதா, விடுவதா என்பதையும் நாமே தெளிந்த அறிவோடு தீர்மானிப்போம். ஆண்டவன் அருள்க.